புள்ளிகளும் தொடர்புகளும்: சோடிக் கோடுகள் பற்றிய ஒரு குறிப்பு

தளமொன்றிற் குறிக்கப்பட்ட புள்ளிகள் ஒவ்வொன்றையும் ஏனைய யாவற்றுடனும் நேர்கோட்டால் இணைப்பது எவ்வாறு? இலக்கியப் பாத்திரங்களின் உறவுகளைப் பைதன் மொழியின் துணைகொண்டு வரைந்து ஆராய முற்படுவோர் எதிர்கொள்ளும் வினா இது.

வரைதற்குப் பெரிதும் பயன்படுவது மற்பிளொட்லிப் என்னும் நிரல்நூலகமாகும். அதன் 'பிளொட்' என்னும் சார்புக்குப் புள்ளிகளை ஒருசேரக் கொடுத்தால், கொடுத்த வரிசையிலேயே அவற்றைத் தொடுத்துச் செல்லும். ஐந்து புள்ளிகளுக்கு நான்கு கோடுகளே கிடைக்கும். ஆகவே சோடிகளை முதலிற் பெறல் வேண்டும். ஒரு சுழற்சியினுள் மற்றொரு சுழற்சியை அமைப்பின் 25 சோடிகள் தோன்றும். அவற்றுள் ஐந்து, புள்ளி தன்னோடு தானே சேர்வன. எஞ்சிய இருபதும் பத்துக் கோடுகளின் இரட்டிப்பே. பைதனுடன் வரும் 'இற்றர்ரூல்ஸ்' தொகுதியின் 'கொம்பினேஷன்ஸ்' சார்பிடம் இரண்டிரண்டான சேர்மானங்களைக் கேட்டால், ஒவ்வொரு சோடியும் ஒருமுறை மட்டுமே கிடைக்கும். பின்னர், சோடியின் இரு கிடை ஆள்கூறுகளை ஒரு பட்டியலாகவும் இரு நிலைக்குத்து ஆள்கூறுகளை இன்னொரு பட்டியலாகவும் 'பிளொட்' சார்புக்கு வழங்குதல் வேண்டும். இரு புள்ளிகளையும் அவ்வாறே வழங்கின் கோடு பிழைபடும். கோடுகள் ஆயிரக்கணக்கிற் பெருகுமிடத்து, 'லைன்கலெக்ஷன்' வழியாக ஒரே தொகுதியாய் வரைதல் விரைவு தரும்.

புள்ளிகளின் தொகையை அதனினும் ஒன்று குறைந்த எண்ணாற் பெருக்கி இரண்டால் வகுப்பின் கோடுகளின் தொகை பெறப்படும். இத்தொகை விரைந்து பெருகுவது. இங்குதான் ஆய்வுமுறை பற்றிய பிரச்சினை எழுகின்றது.

விக்ரர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட 'லே மிஸராப்ள்' நாவலின் பாத்திரத் தொடர்புகளை டொனால்ட் கனூத் 1993இல் வெளியான தமது 'ஸ்ரான்போர்ட் கிராஃப்பேஸ்' தொகுப்பிலே தரவாக்கினார். அதன் அடியாக 'நெற்வேர்க்எக்ஸ்' நூலகம் தரும் வலையமைப்பில் 77 பாத்திரங்கள் உள. எல்லாச் சோடிகளையும் இணைப்பின் 2926 கோடுகள். சேர்ந்து தோன்றும் சோடிகளோ 254 மட்டுமே. வல்ஜோனை மன்னித்த ஆயர் மிரியேலும், அவனைத் துரத்திய காவலதிகாரி ஜவேரும் நாவலில் ஒருபோதும் சந்திப்பதில்லை. அறமும் சட்டமும் வல்ஜோனின் வாழ்விலேயே மோதுகின்றன. அவ்விருவரிடையே கோடு இல்லாமையே ஈண்டு பொருளுடையது. யாவற்றையும் இணைக்கும் படம் அவ்வெற்றிடத்தை மூடிவிடுகின்றது. எந்த 77 புள்ளிகளுக்கும் பொருந்தும் படம் எந்தச் சமூகத்தையும் விளக்காது.

தூரம் போன்று, எல்லாச் சோடிகளுக்கும் அளவுடைய பண்பை ஆராயுமிடத்தே இம்முறை தக்கதாகும். ஏனைய இடங்களில் எக்கோட்டை வரைவது என்பதோடு, எதனை வரையாது விடுவது என்பதும் ஆய்வாளனின் பொறுப்பேயாம்.