அக்காவுக்கு ஏது விடுமுறை?

சித்திரை விடுமுறைக்காகப் பாடசாலையின் கடைசி மணி அடிக்கும் வேளையில் பிள்ளைகளின் முகங்களைப் பார்க்கவேண்டும்! புத்தகப் பையைச் சுழற்றிக்கொண்டு ஓடுவோர் சிலர். விடுமுறைப் பிரிவைத் தாங்கமாட்டாதவர்கள் போலத் தோழியின் கையைப் பற்றிக்கொண்டு நிற்போர் சிலர். ஆசிரியராகிய நாமும் உள்ளூர மகிழ்கிறோம். ஆனால் வீட்டு வாசற்படியை மிதித்த கணமே நாம் ஆசிரியர் அல்லோம், தாய். இனி நாள் முழுவதும் அடுப்பு அணையாது, "அம்மா" என்ற அழைப்பும் ஓயாது.

கோடை விடுமுறை என்றதும் தமிழகத்துப் பத்திரிகைகள் மாம்பழத்தையும், மொட்டைமாடியில் காயும் வடகத்தையும், அக்கினி நட்சத்திரத்தையும் பற்றி எழுதும். மலைநாட்டில் வாழும் எமக்கு அவையெல்லாம் கதையில் வரும் காட்சிகளே. கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே இருக்கும் நுவரெலியாவில் சித்திரை மாதத்திலும் விடியற்காலையில் கம்பளி தேவைப்படும். இங்கே சித்திரை, வசந்த காலம். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், மோட்டார்ப் பந்தயம், கிறகரி வாவியில் படகோட்டம் என்று நகரம் களைகட்டும். கொழும்பின் வெக்கைக்குத் தப்பி வரும் குடும்பங்களின் வாகனங்கள் மலைப்பாதையில் எறும்பு வரிசையாக ஊர்ந்துவரும்.

அந்த வாகனங்களின் இருமருங்கிலும் பச்சைப் பசேலென்று தெரிகின்றனவே தேயிலை மலைகள், அங்கே அதே வசந்த காலத்தில் என்ன நடக்கிறது?

கொழுந்து பொங்கும் மாதம்

தை முதல் பங்குனி வரை ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பகுதிகளில் வறண்ட குளிர்காற்று வீசும். அப்போது கொழுந்து குறைவு. ஆனால் அந்நாட்களில் உண்டாகும் தேயிலைக்கு மணமும் விலையும் அதிகம். சித்திரை பிறக்கும் தறுவாயில் பிற்பகல் தோறும் இடியோடு மழை இறங்கும். காலையில் வெயில், மாலையில் மழை என்று கிடைத்ததும் செடிகள் பொங்கிவிடும். ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு மலையையும் சுற்றி எடுக்காவிட்டால் கொழுந்து முற்றி வீணாகும். ஆகவே அப்போது தோட்டத்துக்கு ஒரு கைகூட மிச்சமில்லாமல் வேண்டும்.

பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் மாதமும், தாய்க்கு வேலை மிகும் மாதமும் இப்படி ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

பொழுது விடிந்ததும் தாய் கூடையுடன் பெரட்டுக்குப் போய்விடுவாள். கைக்குழந்தைகளுக்கும் பள்ளி செல்லாச் சிறுவருக்கும் பிள்ளைக்காம்பரா உண்டு. அதற்குமேல் வயதுடைய பிள்ளைகளைப் பாடசாலை பார்த்துக்கொள்ளும். பாடசாலையே மூடிக்கிடந்தால்? லயத்து இஸ்தோப்பில் விளையாடும் சின்னவர்களுக்கு யார் சோறு போடுவது? பீலியிலிருந்து யார் தண்ணீர் கொண்டுவருவது? அடுப்பின் அருகே போகாமல் யார் தடுப்பது? இந்த வினாக்கள் அனைத்துக்கும் எத்தனையோ வீடுகளில் விடை ஒன்றே: மூத்த பெண்.

எமது வீட்டில் ஒரு பிற்பகல்

சென்ற சித்திரை விடுமுறையில் எம் அம்மா தோட்டத்திலிருந்து வந்து எம்முடன் தங்கியிருந்தார். ஒரு பிற்பகல், தவணைப் பரீட்சையின் விடைத்தாள்களைக் குவித்துவைத்துத் திருத்திக்கொண்டிருந்தோம். பதின்மூன்று வயது மகள் நூலகத்திலிருந்து எடுத்துவந்த கதைப்புத்தகத்துடன் ஜன்னலோரம் அமர்ந்திருந்தாள். ஒன்பது வயது மகன் கைத்தொலைபேசியில் ஏதோ விளையாட்டில் மூழ்கியிருந்தான்.

"தம்பிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடு" என்றோம் மகளிடம். எழுந்து கொடுத்தாள். "தம்பியின் உடுப்பை மடித்து வை" என்றோம். மடித்து வைத்தாள். "மழை வருகிறது, துணியை எடு" என்று மூன்றாம் முறை சொன்னபோது அம்மா குறுக்கிட்டார்.

"ஏன் தாயி, அந்தப் புள்ளயவே ஏவுற? அவனுக்குக் கை இல்லையா?"

நாம் சிரித்தோம். "அவள்தானே அம்மா மூத்தவள்!"

அம்மா சிரிக்கவில்லை. வெளியே மழையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானும் அன்னைக்கு அதத்தான் சொன்னேன்" என்றார்.

எம் கையிலிருந்த பேனை நின்றுவிட்டது.

முடியாத விடுமுறை

1991ஆம் ஆண்டு. எமக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பத்து. தம்பி பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அக்கா, கணக்கில் கெட்டிக்காரி. புலமைப்பரிசில் பரீட்சை எழுதவேண்டிய வருஷம் அது.

சித்திரை விடுமுறை தொடங்கிய வாரத்தில் தம்பிக்கு இருமல் கண்டது. இருமும் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட முடியாது. அம்மாவோ வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையேல் கூலி இல்லை. அக்கா இருக்கிறாளே, விடுமுறைதானே என்றார்கள். தம்பியை இடுப்பில் ஏந்தி, பால் கொடுக்கும் நேரத்துக்கு மலைக்குத் தூக்கிச் சென்று, மீண்டும் தூக்கிவந்து, எமக்கு ரொட்டி சுட்டுச் சம்பல் அரைத்துத் தந்த அந்தப் பத்து வயதுத் தாய் எம் அக்கா.

விடுமுறை முடிந்தது, தம்பியின் இருமல் முடியவில்லை. "அவனுக்கு உடம்பு தேறட்டும்" என்றார்கள். பிறகு, "கொழுந்துக்காலம் போகட்டும்" என்றார்கள். தவணை தொடங்கிய நாளில் அக்கா எமக்குத் தலைவாரிப் பொட்டிட்டு, தம்பியுடன் பாடசாலை வாசல் வரை வந்து, எம்மை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பிப் போனாள். ஆசிரியர் ஒருவர், "உன் அக்கா எங்கே?" என்று கேட்டார். "அடுத்த கிழமை வருவா" என்றோம். அந்தக் கிழமை வரவில்லை. இரண்டாம் முறை எவரும் கேட்கவில்லை. எழுதாத பக்கங்கள் பாதிக்குமேல் மிஞ்சியிருந்த அவளுடைய கணக்குக் கொப்பி எம்மிடம் வந்தது. அதில்தான் நாம் இரண்டாம் வகுப்புக் கணக்குகளைப் போட்டோம்.

பின்னாளில் அக்கா தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுத்தாள். எம் உயர்தர வகுப்புச் செலவிலும், பேராதனைக்குக் கொண்டுபோன பெட்டியிலும் அவளுடைய கூலி இருந்தது. நாம் பட்டதாரி என்று சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் ஊரார் எம் உழைப்பைப் புகழ்வார்கள். அந்தக் கொப்பியின் கதையை நாம் யாரிடமும் சொன்னதில்லை.

யார் மேல் குற்றம்?

பெற்றவளைக் குறைகூறுவது எளிது. ஆனால் அவள் நிலை யாது? மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதனினும் குறைந்த கூலி என்ற வழக்கமே 1984இல்தான் ஒழிந்தது. குறித்த எடை கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர் என்ற கணக்கும் உண்டு. 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்டு, நாடற்றவர் என்ற பெயருடன் தலைமுறைகள் வாழ்ந்த சமூகம் இது. பிள்ளைகளைக் கட்டாயமாகப் பாடசாலைக்கு அனுப்பவேண்டும் என்ற விதி, ஐந்து முதல் பதினான்கு வயது வரையானோருக்கு 1997இல் கொண்டுவரப்பட்டது. பின்னர் 2016இல் பதினாறு வயது வரை நீண்டது. எம் அக்காவுக்கு அந்த விதி ஆறு ஆண்டு பிந்தி வந்தது.

ஆனாலும் ஒன்றை மறைப்பதற்கில்லை. வறுமை வீட்டுக்குள் வந்து ஒரு பிள்ளையின் படிப்பைக் கேட்டபோது, நாம் எடுத்துக்கொடுத்தது மூத்த பெண்ணின் படிப்பை. "பொம்பளைப் புள்ளதானே" என்ற சொல்லுக்கு வறுமை காரணமன்று. இல்லையென்றால், வறுமை நீங்கிய எம் வீட்டில், கல்லூரியில் கற்பிக்கும் எம் வாயிலிருந்தே அது "அவள்தானே மூத்தவள்" என்று உருமாறி வருவானேன்?

இன்னுமொன்றும் அன்று நினைவுக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டு, "விடுமுறையை நான் கழித்த விதம்" என்று மாணவருக்குக் கட்டுரை கொடுத்திருந்தோம். சுற்றுலாவையும் மலர்க் கண்காட்சியையும் பற்றிப் பலர் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும் நான்கே வரி எழுதியிருந்தாள்: சமைத்ததும், தங்கையைக் குளிப்பாட்டியதும், துணி துவைத்ததும். அதன் கீழே சிவப்பு மையால் "போதாது" என்று எழுதினோம். எது போதாது என்பது இப்போதுதான் விளங்குகிறது.

அக்கா சொன்னது

புத்தாண்டன்று அக்கா குடும்பத்துடன் வந்திருந்தாள். அவளுடைய மகள் இவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்காததைக் கேட்டோம்: "பள்ளிக்கூடம் நின்றபோது அழுதாயா அக்கா?"

"அழுக எங்க நேரம்?" என்றாள் அவள். சற்றுப் பொறுத்து, "ஒரு நாளு மட்டும் மனசு கேக்கல. எல்லாரும் பரீட்சைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் போனாங்க. நான் பீலிக்கரையில தம்பி துணிய அலசிக்கிட்டு நின்னேன். நீ என்னயப் பாத்துக் கையக் காட்டிட்டுப் போன" என்றாள்.

எமக்கு அது நினைவில்லை. அவளுக்கு இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

வாசகர்களான தாய்மார்களே! கூலியும் சட்டமும் நம் கையில் முழுவதும் இல்லை. வீட்டின் வேலைப் பங்கீடு நம் கையில்தான் இருக்கிறது. சோறு வடிக்கவும், துணி உலர்த்தவும், தன் கோப்பையைத் தானே கழுவவும் ஆண்பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். விடுமுறையில் ஒவ்வொரு நாளும் சில மணி நேரமாவது மூத்த பெண்ணை எவரும் அழைக்காதிருக்கட்டும். அது அவளுடைய நேரம். படிக்கட்டும், பாடட்டும், சும்மா இருக்கட்டும்.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கொழுந்து பொங்கும் அந்த விடுமுறை நாட்களில், கோவில் மண்டபத்தையோ பொது மண்டபத்தையோ பகலில் திறந்துவைத்து, படித்த இளைஞர் இருவர் மேற்பார்வையில் சின்னப் பிள்ளைகளை அமர்த்தலாமே! செலவு அதிகமில்லை; எத்தனையோ அக்காமார் இடுப்புச் சுமை இறங்கிப் புத்தகத்தைத் தொடுவார்கள்.

ஆசிரியத் தோழர்களே! விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் வரவுப் புத்தகத்தைக் கூர்ந்து பாருங்கள். வராத பிள்ளையைப் பற்றி ஒருமுறை கேட்பது போதாது. "அடுத்த கிழமை வருவா" என்று அவளுடைய தங்கை சொன்னால், அடுத்த கிழமையும் கேளுங்கள். அதற்கடுத்த கிழமை லயத்துக்கே போய்க் கேளுங்கள்.

விடுமுறையின் கடைசி வாரத்தில் அக்காவை வற்புறுத்தி அழைத்துக்கொண்டு, தலவாக்கலை, நானுஓயா வழியாகப் பஸ்ஸில் நுவரெலியா சென்றோம். சீதாஎலியவில் சீதையம்மன் கோவிலைத் தரிசித்தபின் ஹக்கலைப் பூங்காவுக்குப் போனோம். 1861இல் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பட்ட தோட்டம் அது என்று மகள் தன் பெரியம்மாவுக்கு விளக்கிக்கொண்டு வந்தாள். எத்தனையோ முறை அந்தப் பக்கம் வந்திருந்தாலும், கையில் ஒரு குழந்தையோ மூட்டையோ இல்லாமல் வந்தது இதுதான் முதல் தடவை என்றாள் அக்கா. வெறுங்கையை என்ன செய்வதென்று தெரியாதவள் போலச் சிறிது நேரம் நடந்து, பின் ஒரு வாங்கில் அமர்ந்து பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பியதும் வழக்கம்போல் அவளே அடுப்படிக்கு எழுந்தாள். "இருங்க பெரியம்மா" என்று எம் மகன் முந்திக்கொண்டான். அவன் ஊற்றிய தேத்தண்ணீரில் சாயம் அதிகம், சீனி அதைவிட அதிகம். அக்கா ஒரு சொட்டும் மீதம் வைக்காமல் குடித்தாள்.