இளநீரும் சில வேளை நஞ்சாகும்

சிறுநீரக வருத்தம் என்று கேள்விப்பட்டால், பார்க்க வருகிறவர் கையில் இரண்டு இளநீர் இருக்கும். "சூடு தணியும், சலம் நல்லாய்ப் போகும்" என்று வெட்டிக் கொடுப்பார். அன்பிலே குறையில்லை. ஆனால் சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு அது ஆபத்தாகலாம். இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் என்ற உப்பு அதிகம். நல்ல சிறுநீரகம் மிஞ்சியதை வெளியேற்றிவிடும். பழுதடைந்ததால் அது முடியாது. இரத்தத்தில் அந்த உப்பு கூடினால் இதயம் நின்றுவிடவும் கூடும். நட்சத்திரப் பழம் என்கிற காமரங்காயோ இவர்களுக்கு அறவே கூடாது.

தண்ணீரும் அப்படித்தான். கல்லடைப்பு, சலக்கடுப்பு உள்ளவர் நிறையக் குடிக்க வேண்டும். கால், முகம் வீங்கிச் சலம் குறைந்தவரோ வைத்தியர் சொன்ன அளவே குடிக்கலாம். முதல் நாள் போன சலத்தின் அளவோடு ஏறக்குறைய அரை லீற்றர் சேர்த்துக் கொடுக்கும்படி பல வேளை சொல்வார்கள். ஆகவே பராமரிப்பவர் சலத்தை அளக்கத்தான் வேண்டும். இதில் அருவருப்புக்கு இடமில்லை. பழைய பிளாஸ்ரிக் போத்தலொன்றில் அளவுக்கோடு கீறி, அதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். தேநீர், கஞ்சி, சொதி எல்லாம் தண்ணீர்க் கணக்கிலே சேரும். கருவாடு, ஊறுகாய், ரின்மீன் ஆகியவற்றின் உப்பு தாகத்தையும் வீக்கத்தையும் கூட்டும்.

சலக்குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவரானால், பையைத் தொடுமுன்னும் பின்னும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், நிலத்தில் படக்கூடாது. முச்சக்கர வண்டியில் ஏற்றும்போது மடியிலே தூக்கி வைத்தால் பையிலுள்ள சலம் திரும்பிப் போய்க் கிருமியைக் கொண்டு சேர்க்கும். குழாயை இழுக்க வேண்டாம், உள்ளே ஊதிய பலூன் இருக்கிறது. சலம் நின்று வயிறு நொந்தால், காய்ச்சல் நடுக்கம் கண்டால், இரத்தம் போனால் உடனே ஆஸ்பத்திரி.

வடமத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்ட, காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய் வவுனியா விவசாயிகளையும் தாக்கியது. அது தொடக்கத்தில் நோவு காட்டாது. இரத்த, சலப் பரிசோதனைதான் காட்டும். மண்வெட்டி பிடித்த உளைவுக்குக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்குளோபினாக், இபுபுரோபன் குளிசைகள் நலிந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

இன்னொன்று. இடம் மாறும்போது உறுதிக் கடதாசியோடு நோயாளியின் கிளினிக் கொப்பியையும் பொலித்தீன் பையில் சுற்றி எடுங்கள். புதிய ஆஸ்பத்திரியில் எந்த மருந்து, எவ்வளவு என்று கேட்பார்கள்.