பந்தி வஞ்சனையை நிரூபிப்பது எப்படி?

கல்யாணப் பந்தியில் எல்லோருக்கும் ஒரே அண்டாச் சாம்பார்தான். பரிமாறுகிறவர் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி ஊற்றினால் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் இலைக்கு வரும். மேலாக மொண்டு ஊற்றினால் வெறும் நீர்தான். அப்படி நீரைப் பெற்றவருக்கு, தனக்கு மட்டும் இப்படி என்று தெரிவதில்லை. இன்றைக்குச் சாம்பார் கொஞ்சம் நீர்த்துவிட்டது என்று நினைத்து ரசத்துக்குப் போய்விடுவார். அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரை கன்ட்ரிவைடு நிறுவனத்திடம் வீட்டுக் கடன் வாங்கிய கறுப்பின, ஹிஸ்பானிக் மக்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படித்தான் ரசத்துக்குப் போனார்கள் என்பது அரசின் குற்றச்சாட்டு.

சமையற்கட்டில் அளவு சரியாகத்தான் இருந்தது. கடன் வாங்குபவரின் கிரெடிட் ஸ்கோர் என்ன, கையிலிருந்து எவ்வளவு முன்பணம் போடுகிறார், கடன் தொகை எவ்வளவு என்று பார்த்து இன்னாருக்கு இன்ன வட்டி என நிறுவனமே ஒரு பட்டியல் போட்டுவிடும். அதில் இனம் என்ற கட்டமே கிடையாது. வினை பரிமாறும் இடத்தில் இருந்தது. கடன் அதிகாரியும் வெளிப் புரோக்கரும் பட்டியல் விலைக்கு மேல் தங்கள் விருப்பப்படி ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றினால் கமிஷனும் கூடும். ஏன் ஏற்றினாய் என்று எழுதி வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இதே குற்றச்சாட்டில் சிக்கிய வெல்ஸ் பார்கோ வங்கி மீதான வழக்கில் அரசு சொன்ன கணக்கைப் பாருங்கள்: 2007இல் சிகாகோ வட்டாரத்தில் புரோக்கர் மூலம் 3 லட்சம் டாலர் கடன் கேட்ட கறுப்பினத்தவர், அதே தகுதியுள்ள வெள்ளையரைவிடச் சராசரியாக 2,937 டாலர் அதிகக் கட்டணம் செலுத்தினார்.

இதைவிடக் கொடுமை, ஆளையே வேறு பந்தலுக்கு அனுப்புவது. சாதாரண வட்டிக்குத் தகுதி இருந்தும் 'சப்பிரைம்' எனப்படும் கடும் வட்டிக் கடனில் தள்ளப்பட்டவர்கள் கன்ட்ரிவைடில் மட்டும் 10,000 பேருக்கு மேல்.

ஒரு இலையை மட்டும் பார்த்து இதை நிரூபிக்க முடியாது. எல்லா இலைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1968இன் நியாய வீட்டுவசதிச் சட்டம் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. 1974இன் சமக் கடன் வாய்ப்புச் சட்டத்தில் 1976இல் இனமும் சேர்ந்தது. பேசப்படுவதெல்லாம் இவ்விரண்டும்தான். என்னைக் கேட்டால், இவற்றுக்கு வலுக் கொடுத்தது 1975இல் வந்த சுவாரசியமே இல்லாத ஒரு பதிவேட்டுச் சட்டம். வந்த விண்ணப்பங்களையும் கொடுத்த கடன்களையும் வங்கிகள் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. 1990 முதல் விண்ணப்பதாரரின் இனமும், 2004 முதல் அதிக விலைக் கடன்களின் விலையும் அந்தப் பதிவேட்டில் ஏறின. பிறகுதான் யாருடைய இலையில் என்ன விழுந்தது என்று வெளியே தெரிந்தது.

தெரிந்ததும் வங்கிகள் ஒரே குரலில் சொன்ன பதில்: "அவர்கள் கிரெடிட் ஸ்கோர் குறைவு." பதிவேட்டில் அப்போது ஸ்கோர் இல்லை, ஆகவே சந்தேகத்தை எழுப்பத்தான் அதனால் முடியும். அங்கே ஃபெடரல் ரிசர்வ் போன்ற கண்காணிப்பு அமைப்புகள் நுழைகின்றன. பாகுபாடு பரவலாக நடப்பதாகத் தோன்றினால் கோப்பை நீதித் துறைக்கு அனுப்புவது அவற்றின் சட்டக் கடமை. அந்தத் துறை வங்கியின் உள்கணக்குகளை வாங்கி, ஸ்கோர், முன்பணம், கடன் தொகை என்று நியாயமான காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கும். எல்லாம் கழித்த பிறகும் ஒரு இனத்தாரிடம் மட்டும் வட்டி கூடுதலாக நின்றால், வழக்கு அங்கே பிறக்கிறது.

பரிமாறியவர் மனதில் வன்மம் இருந்ததா என்று நிரூபிக்க வேண்டாமா? வேண்டியதில்லை என்றுதான் கீழ் நீதிமன்றங்கள் பல காலமாகச் சொல்லிவந்தன. வீட்டுவசதிச் சட்டத்தைப் பொறுத்தவரை 2015இல் உச்ச நீதிமன்றமும் 5–4 என்ற கணக்கில் அதை ஏற்றது. நடைமுறையின் விளைவே ஒரு இனத்தைப் பாதித்தால் போதும். அந்த நடைமுறை தொழிலுக்கு அவசியமானது என்று காட்டுவது வங்கியின் பாடு.

பெரும்பாலான வழக்குகள் விசாரணை வரை போவதில்லை. 2011 டிசம்பரில் கன்ட்ரிவைடு வழக்கு 33.5 கோடி டாலருக்குச் சமரசமானது. அந்த நிறுவனத்தை 2008இலேயே வாங்கியிருந்த பேங்க் ஆஃப் அமெரிக்கா குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. தொகையை வகுத்துப் பார்த்தால் தலைக்கு 1,700 டாலர்கூடத் தேறாது. அதற்குள் வீடே ஏலத்துக்குப் போயிருந்தவருக்கு அது என்ன ஈடு? 2012 ஜூலையில் வெல்ஸ் பார்கோ சுமார் 17.5 கோடி டாலருக்கு இணங்கியது. புரோக்கர்கள் வழியாகக் கடன் கொடுப்பதையும் நிறுத்துவதாக அறிவித்தது. உருப்படியான மாற்றம் 2010இன் டாட்-ஃபிராங்க் சட்டத்தில் இருந்தது: வட்டியை ஏற்றினால் கமிஷன் கூடும் என்ற ஏற்பாட்டையே அது தடை செய்தது.

இன்னொரு வகைப் பாகுபாட்டில் ஒப்பிட இலையே இருக்காது. வங்கி சில பகுதிகளையே ஒதுக்கிவிடும்; அந்தத் தெருக்காரர்களுக்குக் கல்யாணப் பத்திரிகையே வைத்திருக்க மாட்டார்கள். அங்கே இந்த வங்கியை ஊரிலுள்ள மற்ற வங்கிகளோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் சிட்டி நேஷனல் வங்கி 20 ஆண்டுகளில் 11 கிளைகளைத் திறந்தோ வாங்கியோ இருந்தது. அவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் கறுப்பின, ஹிஸ்பானிக் மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதியில் திறந்தது. அப்பகுதிகளிலிருந்து மற்ற வங்கிகளுக்கு இந்த வங்கியைவிட ஆறு மடங்குக்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன என்றது அரசு. 2023 ஜனவரியில் 3.1 கோடி டாலருக்குச் சமரசம்.

2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப், விளைவை மட்டும் வைத்துப் பாகுபாட்டைத் தீர்மானிக்கும் அணுகுமுறையை அரசுத் துறைகள் முடிந்தவரை கைவிட வேண்டும் என்று ஆணையிட்டார். 2015 தீர்ப்பு அப்படியேதான் இருக்கிறது. தனியாரும் நகராட்சிகளும் வழக்குப் போடலாம். ஆனால் வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் தனியாருக்குக் கெடு இரண்டே ஆண்டு. நகராட்சிகளோ, 2017இல் மயாமி நகர வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, தங்கள் வருமான இழப்புக்கும் வங்கியின் செயலுக்கும் நேரடித் தொடர்பைக் காட்டியாக வேண்டும்.