மாரடைப்புக்குப் பின் யோகா: ஓர் ஆசிரியையிடம் நான் கற்றவை

மாரடைப்பிலிருந்து மீண்டு வீடு திரும்பும் நோயாளிகளின் டிஸ்சார்ஜ் குறிப்பில், "நடைப்பயிற்சி, யோகா செய்யலாம்" என்று ஒரு வரி எழுதுவது பல ஆண்டுகளாக என் வழக்கமாக இருந்தது. எங்கள் இதய மறுவாழ்வுப் பிரிவில் பயிற்சி அளிக்கும் யோகா ஆசிரியை ஒருநாள் அந்த வரியைச் சுட்டிக்காட்டி, "டாக்டர், மாத்திரையின் பெயரை எழுதிவிட்டு, எவ்வளவு, எத்தனை வேளை என்று எழுதாமல் விடுவீர்களா?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது.

ஒரு நோயாளிக்கு நேர்ந்தது

ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்கு மாரடைப்பு ஏற்பட்டு, இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தினோம். வீடு திரும்பியபின் அவர் தம் பகுதியில் நடந்த யோகா வகுப்பில் சேர்ந்தார். நான்கு மாதங்களில் உடல் இலேசாயிற்று; உறக்கம் சீரடைந்தது. "இவ்வளவு நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு?" என்று எண்ணி, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம் நள்ளிரவில் மீண்டும் நெஞ்சுவலி வந்தது. ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து அடைத்திருந்தது. உயிரைக் காப்பாற்ற முடிந்தது. ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி நிரந்தரமாக வலுவிழந்தது.

"யோகா செய்தும் இப்படி ஆகலாமா, டாக்டர்?" என்று அவருடைய மனைவி கேட்டார்.

ஸ்டென்ட் என்பது உலோகத்தாலான வலைக்குழாய். தமனியின் உட்படலம் அதன்மேல் வளர்ந்து மூடும்வரை, இரத்தத் தட்டணுக்கள் அதில் ஒட்டி உறையும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் மாரடைப்புக்குப் பின் ஆஸ்பிரினுடன் மற்றொரு மருந்தையும் பொதுவாக ஓராண்டு வரை தருகிறோம். இந்தப் பணியை எந்த ஆசனத்தாலும் பிராணாயாமத்தாலும் செய்ய இயலாது. அதை நான் அவருக்கு முன்னரே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆய்வு கூறுவது என்ன?

இந்தியாவில் 24 மருத்துவ மையங்களில், மாரடைப்புக்கு உள்ளான 3,959 பேரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2020ஆம் ஆண்டில் வெளியாயின. ஒரு பிரிவினருக்கு 12 வாரங்களில் 13 யோகா வகுப்புகள் நடத்தப்பட்டன; மற்றப் பிரிவினருக்கு உடல்நல ஆலோசனைகள் வழங்கப்பட்டன. இரு பிரிவினரும் வழக்கமான இதய சிகிச்சையைப் பெற்றனர். யோகா பயின்றவர்கள் தம் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்தனர். மாரடைப்புக்கு முன் செய்துவந்த வேலைகளுக்குத் திரும்புவதிலும் முன்னேற்றம் கண்டனர். ஆயினும் மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவை யோகாவால் குறைந்தன என்று அந்த ஆய்வால் உறுதிப்படுத்த முடியவில்லை.

யோகா மீண்டெழுவதற்குத் துணைபுரிகிறது. அடைப்பைத் தடுக்கும் பொறுப்பு மருந்துகளுக்கும், புகையிலையைக் கைவிடுவதற்கும், உணவுக் கட்டுப்பாட்டுக்கும் உரியது.

மூச்சுப் பயிற்சியின் பயனுக்கு உடலியல் விளக்கம் உண்டு. ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். வெளிமூச்சைச் சற்று நீட்டி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முறை என மெதுவாக்கினால், வேகஸ் நரம்பின் செயல் ஓங்கும். இதயத் துடிப்பு தணியும். இரத்த அழுத்தமும் ஓரளவு குறையும்.

ஆசிரியையின் அனுபவம்

அந்த ஆசிரியை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்து வருகிறார். தொடக்கக் காலத்தில், தம்மால் முடிந்த ஆசனங்களை எல்லா மாணவர்களும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்ததாகச் சொன்னார். பின்னர் அவருக்கே வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. பல வாரங்கள் நாற்காலியில் அமர்ந்து, மூச்சுக்கு ஏற்பக் கைகளை உயர்த்தித் தாழ்த்துவது மட்டுமே அவருடைய பயிற்சியாயிற்று. "எத்தனையோ ஆசனங்கள் தெரிந்திருந்தும் அப்போது எனக்குத் தேவைப்பட்டவை மூன்றுதான். அன்றிலிருந்து வகுப்புக்கு வருபவரை முதலில் பார்க்கிறேன், ஆசனத்தைப் பிறகு தீர்மானிக்கிறேன்" என்றார்.

இக்கருத்து நம் மரபில் புதிதன்று. மைசூர் அரண்மனையில் கற்பித்துப் பின்னர் சென்னையில் வாழ்ந்த கிருஷ்ணமாச்சாரியாரும் (1888–1989), 1976இல் சென்னையில் அவர் பெயரால் யோக மந்திரத்தை நிறுவிய அவருடைய மகன் தேசிகாச்சாரும், பயில்பவரின் வயது, உடல்நிலை, வாழ்க்கைச் சூழல் ஆகியவற்றுக்கு ஏற்பப் பயிற்சி அமைய வேண்டும் என்பதை வலியுறுத்தியவர்கள்.

எங்கள் ஆசிரியை இன்றும் விடியற்காலையில் தம் சொந்தப் பயிற்சியை முடித்த பின்னரே வகுப்புக்கு வருகிறார். தம் மூச்சைக் கவனித்துப் பழகினால்தான் பிறர் மூச்சில் ஏற்படும் மாறுதல் தமக்குப் புலப்படும் என்பது அவர் நம்பிக்கை. அதன் பயனை நான் நேரில் கண்டேன். சவாசனத்தில் எளிதாகப் படுத்துவந்த ஒரு நோயாளி, ஒருநாள் தலைக்கு இரண்டு தலையணைகள் கேட்டார். ஆசிரியை அவரை உடனே என்னிடம் அனுப்பினார். பரிசோதித்தபோது நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியிருந்தது. மட்டமாகப் படுத்தால் மூச்சுத் திணறுவது இதயம் தளர்வதன் அறிகுறி. அன்றே சிகிச்சை தொடங்க முடிந்தது.

யோகா ஆசிரியரிடம் சொல்ல வேண்டியவை

வெளியில் வகுப்பில் சேருவோர், முதல் நாளே தம் நோய்களையும் மருந்துகளையும் ஆசிரியரிடம் தெரிவியுங்கள்.

• அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர்களும், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் மூச்சை அடக்கும் கும்பகம், வேகமான கபாலபாதி, பஸ்திரிகா, தலைகீழ் ஆசனங்கள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

• பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மார்பெலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். கைகளில் உடல் எடையைத் தாங்கும் ஆசனங்களை அறுவை மருத்துவர் அனுமதிக்கும்வரை செய்யக் கூடாது.

• கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் சிரசாசனம் செய்யக் கூடாது. அந்த ஆசனத்தின்போது கண்ணின் உள் அழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பதைச் சென்னைக் கண் மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

• எலும்பு மெலிவு உள்ளவர்கள் முதுகை வளைத்து ஆழமாகக் குனியும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு.

• இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர்கள் சவாசனத்திலிருந்து சட்டென எழக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, சற்று நேரம் அமர்ந்து, பின் எழ வேண்டும்.

பயிற்சியின்போது பேச இயலாத அளவுக்கு மூச்சு வாங்கினால் நிறுத்திவிடுங்கள். நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், மயக்கம், குளிர்ந்த வியர்வை ஆகியவை தோன்றினால் காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

குடும்பத்தினருக்கு

நோயாளி நலமாக உணரும் காலத்தில்தான் மாத்திரைகள் கைவிடப்படுகின்றன. அக்காலத்தில் மாத்திரைப் பெட்டியின்மீது உங்கள் பார்வையும் இருக்கட்டும். எந்த மருந்தையும் நிறுத்துவதற்கு முன் எங்களைக் கேளுங்கள். என்ன பயிற்சி செய்கிறீர்கள் என்பதையும் அடுத்த வருகையின்போது எங்களிடம் கூறுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் கூறுங்கள்.

என் டிஸ்சார்ஜ் குறிப்பில் அந்த ஒற்றை வரி இப்போது இல்லை. எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம், எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று ஆசிரியையும் நானும் கலந்து பேசி எழுதுகிறோம். மேலே குறிப்பிட்ட நோயாளி இப்போது எங்கள் மறுவாழ்வுப் பிரிவில், நாற்காலியில் அமர்ந்து பயில்கிறார். வகுப்பு தொடங்குமுன் ஆசிரியை அவரிடம் தவறாமல் கேட்கும் முதல் கேள்வி: "காலை மாத்திரை போட்டாயிற்றா, ஐயா?"