வியாழக்கிழமை மாலை ஜானுக்கு!

ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட வண்டி வந்து குழந்தையை ஏற்றிக்கொண்டு போனதும், "அப்பாடா!" என்று காப்பி டம்ளருடன் உட்காருகிற தாய்மார்கள் நம்மில் ஏராளம். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வண்டி வரவே வராத வீடு ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். பள்ளிக்கூடமும் வீடுதான், உபாத்தியாயினியும் அம்மாதான். மாணவர்களோ அடுத்தடுத்துப் பத்துப் பேர். கையில் காசு கிடையாது. மடியில் எப்போதும் ஒரு கைக்குழந்தை. இத்தனைக்கும் நடுவில் இருபது வருஷத்துக்கு மேல் வீட்டுப் பள்ளிக்கூடம் நடத்தினார் ஓர் அம்மாள்.

அவர் பெயர் சூஸன்னா வெஸ்லி. இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் ஜில்லாவில் எப்வொர்த் என்ற சிற்றூரில் பாதிரியாரின் மனைவி. சென்னை ராயப்பேட்டையில் வெஸ்லி பள்ளிக்கூடத்தைப் பார்த்திருப்பீர்களே, அந்தப் பெயருக்கு உரிய ஜான் வெஸ்லி, மெதடிஸ்ட் சபைக்கு வித்திட்டவர், இந்த அம்மாளின் பிள்ளைதான். பிள்ளையின் புகழ் உலகம் அறிந்தது. தாயாரின் பாடு அவ்வளவாகத் தெரியாது.

சூஸன்னா 1669-ல் லண்டனில் பிறந்தவர். 1688-ல் ஸாமுவேல் வெஸ்லியை மணந்தார். பிறந்த குழந்தைகள் 19. ஒன்பது சிசுக்களாகவே போய்விட்டன. மிஞ்சியவர்கள் பெண்கள் ஏழு, பிள்ளைகள் மூன்று. கணவர் நிறையப் படித்தவர், கவிதை எழுதுகிறவர். வரவு செலவுக் கணக்குத்தான் அவருக்கு வராது! 1705-ல் முப்பது பவுனுக்கும் குறைவான கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறைக்குப் போனார். வீட்டில் வேறு ஒன்றும் இல்லாததால் அம்மாள் தம் மோதிரங்களைக் கழற்றி அனுப்பினார். அவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். "ரொட்டிக்கே இல்லாமல் இருந்தது உண்டா?" என்று அந்தச் சமயம் யார்க் நகர அத்தியட்சர் விசாரித்தபோது அம்மாள் தந்த பதில் நம் வீட்டுப் பெண்கள் சொல்லக்கூடியதுதான். ரொட்டி இல்லாமல் இருந்தது இல்லை. ஆனால் அதைச் சம்பாதிக்கப் படும் கவலையும், தின்ற பிறகு அதற்குப் பணம் கொடுக்கப் படும் கவலையும் சேர்ந்து ரொட்டியின் ருசியைக் கெடுத்துவிடுகின்றன என்றாராம்.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். ஐந்து வயது நிறைகிற வரையில் புத்தகத்தைத் தொட விடமாட்டார். ஐந்து முடிந்த மறுநாள் அட்சராப்பியாசம். முதல் நாளே வீட்டை ஒழுங்கு செய்து, அவரவர் வேலையைச் சொல்லிவிடுவார். காலை 9 முதல் 12 வரை, பிற்பகல் 2 முதல் 5 வரை அந்த அறைக்குள் யாரும் தலை நீட்டக் கூடாது. அந்த ஆறு மணி நேரத்துக்குள் குழந்தை இருபத்தாறு எழுத்துக்களையும் கற்றுவிடும்! மாலி, நான்ஸி என்ற இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆயிற்று. அவர்களை மந்த புத்தி என்று அப்போது எண்ணினாராம் அம்மாள். பிறகு ஊரார் குழந்தைகள் எத்தனை காலம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்த பின்பு எண்ணத்தை மாற்றிக்கொண்டார்.

அரிச்சுவடி முடிந்ததும் பாடப் புத்தகம் பைபிள்தான். முதல் அத்தியாயம், முதல் வசனம். அது தட்டுத் தடங்கலின்றி வந்தால்தான் இரண்டாவது. பிப்ரவரியில் ஆரம்பித்த மூத்த பிள்ளை, ஈஸ்டர் கழித்து ஏழாம் வாரம் வரும் பண்டிகைக்குள் ஓர் அத்தியாயத்தை முழுக்கப் படித்தான். கடைக்குட்டி கெஸ்ஸி விஷயத்தில் மட்டும் ஐந்து வயது விதி தளர்ந்தது. அம்மாளின் பேச்சு எடுபடாமல் போய், முன்கூட்டியே ஆரம்பித்தார்கள். மற்றவர்களுக்கு எத்தனை மாதம் பிடித்ததோ அத்தனை வருஷத்துக்கு மேல் அவளுக்குப் பிடித்தது! இரண்டரை வயதுக் குழந்தைக்கு டியூஷன் தேடுகிறவர்கள் இதை இன்னொரு தரம் படிக்கலாம்.

அம்மாள் கண்டிப்பானவர். ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயப்படவும், அழுதால் ஓசையின்றி அழவும் பழக்கினார் என்று அவரே எழுதியிருக்கிறார். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரு வயதுக் குழந்தையின் அழுகைக்குக்கூடவா சட்டம்? ஆனால் அதே அம்மாள் வகுத்த வேறு விதிகளும் உண்டு. செய்த குற்றத்தை உள்ளபடி ஒப்புக்கொண்டால் அடி கிடையாது. ஒரே குற்றத்துக்கு இரண்டு தடவை தண்டனை கிடையாது. பழசைக் கிளறவும் கூடாது. பிறர் பொருள் குண்டூசியானாலும் தொடக் கூடாது. சமையற்கட்டில் வேலைக்காரர்களிடம் எது கேட்டாலும் மரியாதையாகக் கேட்க வேண்டும். உடன்பிறந்தவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அண்ணன், தங்கை என்று முறை சேர்க்க வேண்டும். நம் பாட்டிமார் கேட்டால் மெச்சியிருப்பார்கள்!

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த விதி வேறு ஒன்று. நன்றாகப் படிக்கத் தெரிகிற வரையில் எந்தப் பெண்ணுக்கும் தையல் வேலை கற்றுக்கொடுக்கக் கூடாது! பெண் என்றால் ஊசியும் நூலும் என்று இருந்த காலத்தில், சின்ன வயதிலேயே தையலில் உட்கார வைப்பதால்தான் பெண்களுக்குச் சரியாகப் படிக்க வருவதில்லை என்று எழுதிவைத்தார் அவர். அந்த வீட்டுப் பெண் ஹெட்டி எட்டு வயதில் கிரேக்க மொழி படித்தாள் என்கிறார்கள்.

1709 பிப்ரவரி 9-ந் தேதி இரவு வீடு தீப்பற்றிக்கொண்டது. நிறை கர்ப்பிணியான அம்மாள் முகம் கருக நெருப்புக்குள் நடந்தே வெளியே வந்தார். ஐந்து வயது ஜான் மாடியில் சிக்கிக்கொண்டான். ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று ஜன்னல் வழியாக அவனை இறக்கிய மறு விநாடி கூரை இடிந்து விழுந்தது. புத்தகங்கள், எழுதி வைத்த காகிதங்கள் எல்லாம் சாம்பல்.

உயிர்கள் தப்பின, பள்ளிக்கூடம் தப்பவில்லை. புது வீடு எழும்பும் வரையில் குழந்தைகள் அங்கொருவரும் இங்கொருவருமாகப் பல வீடுகளில் வளர்ந்தார்கள். திரும்பி வந்தபோது கொச்சைப் பேச்சும் தெருப் பாட்டும் கூடவே வந்தன. அம்மாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். காலையும் மாலையும் சங்கீதம் பாடிப் பள்ளி தொடங்கி முடியும். மாலை ஐந்து மணிக்கு மூத்தது கடைசிக் குழந்தையையும், அடுத்தது அதற்கு மேற்பட்டதையும் அழைத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்ட வேண்டும். தம் மதத்தின் சாரத்தைப் பெண்களுக்கு விளக்க அம்மாள் தாமே எழுதினார். மகள் ஸூக்கிக்கு ஒரு நீண்ட கடிதமாக விசுவாசப் பிரமாணத்துக்கு விளக்கம். எமிலிக்கு, தாயும் மகளும் பேசிக்கொள்வதுபோல ஒரு சம்பாஷணை.

இந்தச் சமயத்தில் நம் ஊர் கதைக்குள் வருகிறது. கணவர் லண்டன் போயிருந்தபோது, அவர் அறையில் எமிலி ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்தாள். டென்மார்க் அரசர் அனுப்பி 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, புளூட்சோ என்ற ஜெர்மானியப் பாதிரிமார்களைப் பற்றிய விருத்தாந்தம் அது. சீகன்பால்கு திண்ணைப் பள்ளிக் குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிக் கற்றவர். எமிலி படிக்க, அம்மாள் கேட்டார். பல நாள் அவருக்கு வேறு நினைவே இல்லை. தாம் ஆணும் அல்ல, பாதிரியாரும் அல்ல. ஆனாலும் செய்வதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் செய்யலாமே என்று தோன்றியது.

என்ன செய்தார்? குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினார். திங்கள் மாலி. செவ்வாய் ஹெட்டி. புதன் நான்ஸி. வியாழன் ஜான். வெள்ளி மார்த்தா. சனி சார்லஸ். ஞாயிறு எமிலியும் ஸூக்கியும். பாடம் அல்ல, பரீட்சை அல்ல. தாயும் குழந்தையும் தனியாக உட்கார்ந்து, மனத்தில் உள்ளதைப் பேசுவதற்கு. கும்பலாக வளரும் வீட்டில் ஒரு குழந்தைக்கு அம்மா முழுசாகக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உடன்பிறப்புகளோடு வளர்ந்த உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

ஞாயிறு மாலைகளில் வீட்டாருக்காகச் சமையலறையில் நடந்த பிரார்த்தனையும் அப்போது பெருகியது. வேலைக்காரப் பையனின் பெற்றோர் வந்தார்கள். பிறகு அண்டை அயலார். கடைசியில் இருநூறு பேருக்கு மேல். இடம் இல்லாமல் திரும்பினவர்களும் உண்டு. கோயிலைக் கவனித்து வந்த உதவிப் பாதிரிக்குப் பொறுக்கவில்லை, லண்டனுக்கு எழுதினார். நிறுத்திவிடலாமே என்று கணவர் கடிதம் போட்டார். "விருப்பம்" என்று எழுதினால் போதாது, "உத்தரவு" என்று தெளிவாக எழுதுங்கள்; கடவுள் முன்னால் அந்தப் பொறுப்பு உங்களுடையதாகட்டும் என்று பதில் போயிற்று. உத்தரவு வரவே இல்லை! (இதற்குப் பத்து வருஷம் முன்பு, அரசருக்கான பிரார்த்தனைக்கு அம்மாள் "ஆமென்" சொல்ல மறுத்ததற்காகக் கணவர் கோபித்துக்கொண்டு மாதக் கணக்கில் வீட்டை விட்டே போயிருந்தார். பிடிவாதத்தில் யாரும் யாருக்கும் இளைத்தவர் அல்ல.)

பெண்களின் பிற்காலத்தைச் சொல்லும்போதுதான் மனம் கனக்கிறது. மூன்று பிள்ளைகளுக்கும் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை கதவைத் திறந்தது. பெண்களுக்குத் திறக்க அப்போது கதவே இல்லை. எமிலி உபாத்தியாயினியாகிப் பிற்பாடு சொந்தமாகப் பள்ளி நடத்தினாள். மார்த்தா, அகராதி எழுதிய டாக்டர் ஜான்ஸனின் மதிப்புக்குரிய சிநேகிதியானாள். கிரேக்கம் படித்த ஹெட்டி மட்டும் வழி தவறினாள் என்று கோபம் கொண்ட தந்தையின் அவசரத்தில், 1725-ல் ஈயக் குழாய் வேலை செய்யும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். பொருந்தாத வாழ்வு. தந்தையின் மனம் கடைசி வரை இளகவில்லை. அவள் துயரம் கவிதைகளாயிற்று. செவ்வாய்க்கிழமை மாலைகளில் அந்தப் பெண் தாயிடம் என்ன பேசியிருப்பாள் என்று நான் நினைத்துப் பார்ப்பது உண்டு.

ஜான் ஆக்ஸ்போர்டில் ஆசிரியரானார். 1732 பிப்ரவரியில், இருபத்தெட்டு வயதில், தாயாருக்கு ஒரு கடிதம் எழுதினார். முன்பு எனக்கென்று ஒதுக்கிய வியாழக்கிழமை மாலையில் ஒரு சிறு பகுதியை இப்போதும் எனக்காகத் தர முடியுமா என்று அதில் கேட்டிருந்தார்.