கல் ஒருமுறைதான் விலைபோகும்

அச்சரப்பாக்கம், மதுராந்தகம் வட்டாரக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் லாரி லாரியாகச் சென்னைப் பக்கம் போகின்றன. வெட்டிய பாறை மறுபடி வளராது. எனவே குவாரி தரும் உரிமைத்தொகை வருமானமல்ல, சொத்தை விற்ற பணம். அதை ஆண்டுச் செலவிலேயே கரைப்பது விதைநெல்லைச் சமைப்பதற்குச் சமம்.

இதன் முடிவைத் தமிழ்க் குடும்பங்கள் அனுபவித்திருக்கின்றன. கோலார் தங்கவயலில் 1880-களிலிருந்து சுமார் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1902-இலேயே அங்கே மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் தங்கத்தின் இடத்தை நிரப்பும் அளவுக்கு வேறு தொழில் வேரூன்றவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டதும், சயனைடு கலந்த மண்மேடுகளும் பெங்களூருக்கு ரயிலேறிப் போகும் பிள்ளைகளும்தான் மிச்சம்.

நாடுகளுக்கும் இதே கதிதான். 1959-இல் பெரும் எரிவாயு வயலைக் கண்ட நெதர்லாந்தில் நாணய மதிப்பு ஏறி, மற்ற ஏற்றுமதித் தொழில்கள் நலிந்தன. பாஸ்பேட்டால் செழித்த நவ்ரு, அது தீர்ந்ததும் கடனில் விழுந்தது. தோண்டி எடுப்பதிலேயே காசு கொட்டும்போது முதலீடும் ஆளும் அங்கேயே குவிகின்றன. அரசுக்கும் வரி தரும் பிற தொழில்களை வளர்க்கும் அவசரம் இருப்பதில்லை. குத்தகை சிலர் கைக்குள் போகிறது, கணக்கு மறைகிறது.

தப்பிய நாடும் உண்டு. நார்வே 1990-இல் சட்டம் இயற்றி எண்ணெய்ப் பணத்தைத் தனி நிதியாக்கியது. ஆண்டுக்கு அதில் சுமார் 3 விழுக்காட்டை மட்டும் செலவிடுவதே அங்குள்ள நெறி.

நம்மிடமும் கருவிகள் இருக்கின்றன. 2015-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத் திருத்தம், சுரங்கத்தால் பாதிக்கப்படும் மாவட்டங்களுக்குக் கனிம அறக்கட்டளை அமைக்க வழிசெய்தது. தமிழ்நாட்டின் கனிம நில வரி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பணத்தில் ஒரு பங்கை முதல் குறையாத நிதியாக வைக்க வேண்டும். மீதி, குவாரி ஊர்களின் குடிநீருக்கும் நுரையீரல் பரிசோதனைக்கும் தொழிற்பயிற்சிக்கும் போக வேண்டும். எத்தனை கனமீட்டருக்கு அனுமதி, எவ்வளவு வெட்டினார்கள், எவ்வளவு கட்டினார்கள் என்ற கணக்கைக் கிராமசபையில் வாசிக்க வேண்டும். பள்ளத்தைச் சீரமைக்கும் தொகையைக் குத்தகை கொடுக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

இவை அத்தனையும் குவாரி ஓடும் காலத்திலேயே செய்யவேண்டியவை. கல் தீர்ந்தபின் கேட்பதற்குக் குத்தகைதாரரும் இருக்கமாட்டார், எடுப்பதற்குப் பணமும் இருக்காது.