மேடேறும்போது மட்டும் ஏன் மிஸ்ஸிங்?

புத்தலப்பட்டிலிருந்து காணிப்பாக்கம் வரை பழைய புல்லட் ஒன்று தாளம் பிசகாமல் ஓடும். அதே வண்டியில் பின்னால் ஓர் ஆளையும் ஏற்றிக்கொண்டு, பங்காருபாளையம் தாண்டி மொகிலி மலைப்பாதையில் பலமநேருக்கு ஏறிப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்கத் திக்கும், இடையிடையே சைலன்சரில் ஒரு வெடி வெடிக்கும். ஓரங்கட்டி பிளக்கைக் கழற்றி, அதன் இரும்பு உடலை இன்ஜின் மீது சாய்த்து வைத்துக் கிக்கரை மிதித்தால் பொறி பளிச்சென்று பறக்கும். “கரன்ட் நல்லாத்தானே வருது” என்று முடிவு கட்டிவிட்டு அடுத்ததாகக் கார்புரேட்டரைப் பிரிப்பார்கள்.

பெரும்பாலும் குற்றவாளி கார்புரேட்டர் அல்ல. வெளியே பறக்கும் பொறி சிலிண்டருக்குள்ளும் பறந்தாக வேண்டும் என்று இயற்கையில் எந்தச் சட்டமும் இல்லை. சட்டம் உண்மையில் அதற்கு நேர்மாறானது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஃப்ரீட்ரிக் பாஷென் 1889இல் அதைக் கண்டறிந்து வெளியிட்டார்: இரண்டு உலோக முனைகளுக்கு இடையே மின்பொறி தாவத் தேவைப்படும் வோல்ட், இடைவெளியையும் நடுவில் உள்ள வாயுவின் அழுத்தத்தையும் பெருக்கி வரும் அளவைப் பொறுத்தது. அரை மில்லிமீட்டர் இடைவெளி உள்ள பிளக், திறந்தவெளியில் இரண்டு மூன்றாயிரம் வோல்ட்டிலேயே பொறி விட்டுவிடும். சிலிண்டருக்குள் காற்று ஆறேழு மடங்கு நெருக்கப்பட்டிருக்கும்போது அதே அரை மில்லிமீட்டரைத் தாண்டப் பத்தாயிரத்தை ஒட்டிய வோல்ட் வேண்டும். நெரிசலான மூலக்கூறுகளுக்கு நடுவே எலெக்ட்ரான்கள் வேகம் எடுப்பதற்குள் எதிலாவது மோதி ஆற்றலை இழந்துவிடுகின்றன.

மேட்டுக்கும் மிஸ்ஸிங்குக்கும் உள்ள உறவும் இதில்தான் இருக்கிறது. சமவெளியில் ஆக்சிலரேட்டரைப் பாதிதான் திறக்கிறோம். உள்ளே வரும் காற்று குறைவு, நெருக்கமும் குறைவு. பேட்டரி வோல்ட்டைப் பெருக்கித் தரும் காயில் நொண்டியாக இருந்து, ஐயாறாயிரம் வோல்ட்டே கொடுத்தாலும் அதற்குப் போதும். ஏற்றத்தில் முழுக்க முறுக்கினால் சிலிண்டர் நிரம்பக் காற்று வருகிறது, தேவை எகிறுகிறது, காயிலால் ஈடுகொடுக்க முடிவதில்லை. எரியாமல் வெளியேறிய கலவை சைலன்சரில் போய்ப் பற்றிக்கொள்கிறது.

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். மிகப் பழைய வண்டிகளில் 6தான். அதை ஆயிரங்களாக்கும் வித்தையை அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் வகுத்துக் கொடுத்தார், 1910ஆம் ஆண்டு காடிலாக் காரில் அது வந்தது. காயிலின் தடித்த சுற்றில் மின்சாரத்தை ஓடவிட்டு, பாயிண்ட் என்ற சிறு சுவிட்ச் சட்டென்று திறந்து அதை அறுக்கிறது. காந்தப்புலம் சரிகிறது, பல மடங்கு அதிகச் சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பியில் உயர் வோல்ட் பிறக்கிறது. எவ்வளவு வேகமாக அறுபடுகிறதோ அவ்வளவு வோல்ட். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் நான்கு ஸ்ட்ரோக் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினில் இது நொடிக்கு 25 முறை நடந்தாக வேண்டும்.

பாயிண்டோடு இணைத்திருக்கும், விரல் நுனி அளவே உள்ள கண்டென்சரின் பெருமை இங்கேதான். அது இல்லாவிட்டால் மின்சாரம் திறக்கும் பாயிண்டின் நடுவிலேயே தீப்பொறியாகப் பாய்ந்து, நிதானமாக நிற்கும். காயிலுக்கு எதுவும் மிஞ்சாது. பாயிண்ட் கருகிக் குழிவிழுந்திருந்தால் அதை மட்டும் தேய்த்துவிட்டுப் போகாதீர்கள். கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். என் பார்வையில் பழைய வண்டிக்கு இதைவிட மலிவான வைத்தியம் வேறு இல்லை.

நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. பிளக்கின் இடைவெளியைச் சற்றே குறைத்துவிட்டு அதே மேட்டில் ஏறுங்கள். மிஸ்ஸிங் போய்விட்டதென்றால் மின்சாரப் பக்கம்தான் பலவீனம். பாஷெனின் பெருக்கலில் ஓர் எண்ணை நீங்கள் குறைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். பிறகு இடைவெளியைப் பழையபடி வைத்துவிட்டு, பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, ஃபீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் நிறுத்துங்கள். இருட்டில் இன்ஜினை ஓட்டி பிளக் கேப்பையும் ஒயரையும் எட்ட நின்று பாருங்கள். விரிசல் இருந்தால் நீலப் பொறி கசிவது தெரியும்: பிளக் கேட்கும் வோல்ட் அதிகமாகும்போது மின்சாரம் வெளியே சுலபமான வழி தேடிக்கொள்கிறது. பெட்ரோல் வாசனை வீசும் இடத்தில் மட்டும் இந்தப் பொறிச் சோதனைகள் வேண்டாம்.

இடைவெளியைக் குறைத்தும் மாறவில்லையா? இப்போது கார்புரேட்டர் பக்கம் போகலாம். திக்கும்போது சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். தேறினால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. ஜெட்டில் தூசி அடைத்திருக்கலாம். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே கதைதான். மூடியைத் திறந்ததும் வண்டி பிழைத்துக்கொள்ளும். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பதும் இதில் சேர்ந்துகொள்கிறது. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். அதனால் எரிய அதற்குக் காற்று குறைவாகவே போதும். புது வண்டியின் சென்சார் இதை உணர்ந்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். பழைய கார்புரேட்டரோ அன்று துளைத்த ஜெட்டின் கணக்குப்படியே ஊற்றுகிறது, கலவை மெலிந்துபோகிறது. மெலிந்த கலவையைப் பற்றவைக்கப் பொறியும் வலுவாக இருக்க வேண்டும். ஏற்கெனவே நொண்டும் காயில் உள்ள வண்டியில் இரண்டு குறைகளும் ஒன்றாக வெளிப்படும். ஒன்றைச் சரிசெய்ததும் மற்றதும் தீர்ந்தது போலத் தோன்றும்.

சூடானால் மட்டும் திக்கி, அரைமணி ஆறியதும் சொன்னபடி கேட்கும் வண்டிகளும் உண்டு. அங்கே காயிலின் உட்காப்பு வெப்பத்தில் விட்டுக்கொடுக்கிறது. கண்டென்சரும் சூட்டில் அப்படிச் சோர்ந்துபோகும். கண்டென்சரை முதலில் மாற்றிப் பாருங்கள். அதிலும் அடங்காவிட்டால் காயில்தான். அதை வீட்டில் பிரித்துச் சரிசெய்ய முடியாது, புதிதாக வாங்கி மாட்ட வேண்டியதுதான்.